விதியும் வீரனும்

யுத்தத்தைப் பற்றிக் கதை எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. உத்தரவை மீறுகிறவனைத்தான் அவர்கள் கதாநாயகனாக்குவார்கள். தளபதி "திரும்பி வா" என்கிறான். இவன் திரும்பாமல் எதிரியின் அரணுக்குள் பாய்கிறான். வெற்றியோடு வருகிறான், அல்லது வீர மரணம் அடைகிறான். எது நடந்தாலும் வாசகருக்குத் திருப்திதான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற இன்னொரு சிப்பாயும் அந்தக் கதையில் இருப்பான். மூன்றாவது அத்தியாயத்தில் குண்டடி பட்டுச் சாவதற்காகவே ஆசிரியர் அவனைப் படைத்திருப்பார். அவனுக்கு ஒரு பெயர்கூட வைத்திருக்க மாட்டார்.

இதில் வாசகரைக் குறை சொல்வதற்கில்லை. காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கிற வரையில் ஏதாவதொரு விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கிறவர்கள் நாம். ஆபீஸில் ஒரு காகிதம் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போவதற்கு நான்கு கையெழுத்து வேண்டியிருக்கிறது. அப்படி நாளெல்லாம் கட்டுப்பட்டுக் கிடந்தவர், இரவு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எவனோ ஒருவன் எல்லாக் கட்டுகளையும் அறுத்துக்கொண்டு கிளம்புகிற கதையைப் படித்தால் சந்தோஷப்படத்தான் செய்வார்.

ஆனால் அந்தப் பெயரில்லாத இரண்டாவது சிப்பாயைப் பற்றி எனக்கு வெகு நாளாக ஒரு கேள்வி உண்டு. ராணுவத்தில் எல்லாக் காரியத்துக்கும் ஒரு நடைமுறை எழுதி வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியை எப்படித் திறந்து பார்ப்பது, காவல் மாறும்போது யார் முதலில் பேசுவது, காயம் பட்டவனுக்கு முதலில் என்ன செய்வது, அடுத்தபடி என்ன செய்வது, எல்லாம் வரிசை எண் போட்டு எழுதியிருக்கும். அதைக் கவாத்து மைதானத்தில் நூறு தடவை, ஆயிரம் தடவை செய்ய வைக்கிறார்கள். சுயமாக யோசிக்கிற ஒரு மனிதனை இப்படிப் பழக்குவது, அவனை இயந்திரமாக்குகிற காரியம் அல்லவா? உயிர் போகிற வேளையில்கூட ஒருவனை அவன் இஷ்டப்படி இருக்க விடாத இந்த விதிகளுக்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

யுத்த சாஸ்திரம் கற்றவனல்ல நான். மனிதர்களைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவன். ஆகையால் ஒரு யுத்தத்தில் சில மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லி, அதிலிருந்து பதிலைத் தேடிப் பார்க்கிறேன்.

முதல் உலக யுத்தத்தின் கடற்போர் என்றதும் நமக்கு 'எம்டன்' ஞாபகம் வரும். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன அந்த ஜெர்மன் கப்பலின் பெயர், பலே கைகாரனுக்கு ஒரு பட்டமாகவே தமிழில் நிலைத்துவிட்டது. அந்த யுத்தத்தில் ஜெர்மன் கடற்படையும் பிரிட்டிஷ் கடற்படையும் தங்கள் பெருங்கப்பல்களையெல்லாம் திரட்டிக்கொண்டு நேருக்கு நேர் மோதியது, 1916 மே 31-ஆம் தேதி, டென்மார்க்குக்கு மேற்கே வட கடலில். ஜட்லண்ட் யுத்தம் என்று அதற்குப் பெயர். இரு தரப்பிலுமாகச் சுமார் 250 கப்பல்கள் கலந்துகொண்டன.

அந்தக் கப்பல்களில் பீரங்கி எப்படி அமைந்திருந்தது என்பதைக் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மேல் தளத்தில் கவசம் போட்ட, சுழலக்கூடிய ஒரு கோபுரம்; அதற்குள் இரண்டு பீரங்கிகள். கோபுரத்துக்கு நேர் கீழே, கிணறு மாதிரி ஒரு பாதை கப்பலின் அடிவயிறு வரையில் இறங்குகிறது. அடியில் வெடிமருந்து அறை. அங்கே இருக்கிறவர்கள் 'கார்டைட்' என்ற மருந்தைப் பட்டுப் பைகளில் எடுத்துக் கொடுக்க, அது அந்தப் பாதை வழியே மேலே ஏறுகிறது. மருந்து மேலே ஏறுகிற வழிதான் நெருப்புக் கீழே இறங்குவதற்கும் வழி. ஆகையால் ஒரு விதி வைத்திருந்தார்கள். மருந்தறையின் கதவு மூடியிருக்க வேண்டும். அப்போதைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் மூடிய பெட்டியிலேயே இருக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

ஜட்லண்டுக்குப் பதினாறு மாதம் முன்னால், 1915 ஜனவரி 24-ஆம் தேதி, டாகர் பாங்க் என்ற இடத்தில் இதே இரு படைகளும் ஒரு தடவை மோதியிருந்தன. அன்று 'ஸைட்லிட்ஸ்' என்ற ஜெர்மன் கப்பலின் பின்பக்கக் கோபுரத்தை ஒரு பிரிட்டிஷ் குண்டு துளைத்தது. வெளியே இருந்த மருந்து பற்றிக்கொண்டது. தப்பிப்பதற்காக உள்ளே இருந்தவர்கள் பக்கத்துக் கோபுரத்துக்குப் போகிற கதவைத் திறந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நெருப்பு அங்கே போயிற்று. இரண்டு கோபுரங்களிலும் சுமார் 160 பேர் மாண்டார்கள். வில்ஹெல்ம் ஹைட்காம்ப் என்ற ஒரு மாலுமி, பழுக்கக் காய்ந்திருந்த தண்ணீர்த் திருகுகளைக் கையால் திருகி, மருந்தறைகளைக் கடல் நீரால் நிரப்பினார். கை வெந்தது, கப்பல் பிழைத்தது.

ஊருக்குத் திரும்பிய ஜெர்மானியர்கள், வெளியே எடுத்து வைக்கிற மருந்தின் அளவைக் குறைத்தார்கள். விதியை இறுக்கினார்கள். அதே சண்டையிலிருந்து பிரிட்டிஷ்காரர்கள் வேறு பாடம் கற்றுக்கொண்டு போனார்கள். எதிரியின் முக்கியமான கப்பல்கள் தப்பிவிட்டனவே, இன்னும் வேகமாகச் சுட்டிருக்க வேண்டாமா என்பதுதான் அவர்கள் கவலை. வேகத்துக்குக் குறுக்கே நின்றது எது? மருந்தறைக் கதவு! ஒவ்வொரு தடவையும் அதைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் எப்படி? கதவுகள் திறந்தபடியே கிடந்தன. பெட்டிகளின் மூடிகள் முன்கூட்டியே கழற்றப்பட்டன. மருந்துப் பைகள் பாதையில் அடுக்கி வைக்கப்பட்டன.

இப்படிச் செய்தவர்கள் கோழைகளல்ல; சோம்பேறிகளுமல்ல. முதல் குண்டு நம்முடையதாக இருக்க வேண்டும் என்று துடித்த வீரர்கள். விதியை முதலில் மீறியபோது ஒன்றும் ஆகவில்லை. பத்தாவது தடவையும் ஒன்றும் ஆகவில்லை. நூறாவது தடவை, அது மீறல் என்கிற நினைவே போய்விட்டது. விதிகள் யுத்தத்தின் நடுவே உடைவதில்லை. சாதாரணமான ஒரு நாளில், யாருக்கும் ஒன்றும் நேராத ஒரு மத்தியான வேளையில், சத்தமில்லாமல் உடைகின்றன. அதன் சத்தம் யுத்தத்தில்தான் கேட்கிறது.

மே 31-ஆம் தேதி மாலை நான்கு மணி சுமாருக்கு அது கேட்டது. 'இண்டிஃபாட்டிகபிள்' என்ற போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. 1,017 பேர் மாண்டார்கள். அரை மணிக்குள் 'குவீன் மேரி' வெடித்தது, 1,266 பேர். சுமார் ஆறரை மணிக்கு 'இன்வின்ஸிபிள்'; 1,026 பேர். மூன்று கப்பல்களிலுமாக உயிர் பிழைத்தவர்கள் ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். கவசம் போதவில்லை, பிரிட்டிஷ் மருந்தே எளிதில் வெடிக்கிற ரகம் என்றெல்லாம் பிற்பாடு காரணங்கள் சொன்னார்கள். அவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் திறந்த கதவும் அடுக்கி வைத்த மருந்தும் இல்லாவிட்டால் ஒரு குண்டு ஒரு கப்பலையே தூக்கிப் போட்டிருக்குமா என்பதே சரித்திரம் எழுதியவர்களில் பலருடைய கேள்வி.

தளபதி பீட்டியின் கொடிக் கப்பலான 'லயன்' அந்த வரிசையின் தலைமையில் இருந்தது. அதற்கும் அதே கதிதான் நேர்ந்திருக்க வேண்டும். நேரவில்லை. ஏன்?

1915-ல் அந்தக் கப்பலுக்கு அலெக்ஸாண்டர் கிராண்ட் என்ற ஒருவர் தலைமை 'கன்னர்' ஆக வந்து சேர்ந்தார். பெரிய பதவி அல்ல. சாதாரண மாலுமிகளின் வரிசையிலிருந்து படிப்படியாக ஏறி வந்தவர். மருந்தறைகளைப் போய்ப் பார்த்தார். கதவு திறந்து கிடக்கிறது, மருந்து வெளியே அடுக்கியிருக்கிறது. அவர் மேலதிகாரிகளிடம் போய்ப் பேசினார். கதவை மூடி வைத்துக்கொண்டே, ஒவ்வொரு சுற்றாக மருந்தைக் கொடுத்தாலும் பீரங்கியின் வேகம் குறையாது என்பது அவருடைய வாதம். கேப்டன் சாட்ஃபீல்ட் அதற்கு இடம் கொடுத்தார். பழைய விதி மறுபடியும் அந்தக் கப்பலில் உயிர் பெற்றது. இறங்கி வேலை செய்தவர்களுக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று ஊகித்துப் பாருங்கள். மற்றக் கப்பல்களில் யாரும் இப்படித் தொல்லை கொடுக்கவில்லையே, இந்த மனுஷன் எங்கிருந்து வந்தான் என்று முணுமுணுத்திருக்க மாட்டார்களா?

ஜட்லண்டில் சண்டை தொடங்கிய சில நிமிஷங்களுக்குள் 'லயன்' கப்பலின் நடுக் கோபுரத்தை ஒரு குண்டு பிளந்தது. உள்ளே இருந்தவர்களில் அநேகமாக எல்லோரும் மாண்டார்கள், அல்லது குற்றுயிரானார்கள். அந்தக் கோபுரத்துக்குப் பொறுப்பாக இருந்த மேஜர் ஃப்ரான்ஸிஸ் ஹார்வி, சாகிற நிலையில் கிடந்தவர், பேச்சுக் குழாய் வழியே கீழே உத்தரவு கொடுத்தார்: மருந்தறைக் கதவுகளை மூடு, தண்ணீரைத் திறந்து விடு. சுமார் அரை மணிக்குப் பிறகு, கோபுரத்தில் கனன்றுகொண்டிருந்த நெருப்பு மிச்சமிருந்த மருந்தைப் பற்றிக்கொண்டு கிணற்றுப் பாதையில் இறங்கியது. வழியில் இருந்தவர்களையெல்லாம் கொன்றது. மருந்தறையின் சுவர் நெளிந்தது. ஆனால் கதவு மூடியிருந்தது; உள்ளே தண்ணீர் நிரம்பியிருந்தது. கப்பலில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் அன்றிரவு உயிரோடு இருந்தார்கள்.

ஹார்விக்கு, இறந்த பிறகு, விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அதற்கு அவர் முற்றிலும் தகுதியானவர். ஆனால் எனக்கு இங்கே தோன்றுகிற விஷயம் வேறு. உடல் சிதைந்து கிடக்கிற ஒரு மனிதன், அந்தக் கணத்தில் உட்கார்ந்து யோசித்தா கதவை மூடச் சொன்னான்? யோசிக்க அவனிடம் நேரமும் இல்லை, ரத்தமும் இல்லை. யோசனை முன்பே செய்யப்பட்டிருந்தது. எப்போதோ, கடல் அமைதியாக இருந்த ஒரு நாளில், மனம் தெளிவாக இருந்த எவரோ ஒருவர், மனம் தெளிவாக இருக்க முடியாத இன்னொருவருக்காக யோசித்து வைத்தது அது. கீழே மருந்துப் பைகள் மலையாக அடுக்கியிருந்தால், அவருடைய அந்த மகத்தான கடைசி உத்தரவுகூடப் பலித்திருக்குமோ என்னவோ. ஹார்வியின் வீரம் நின்றது கிராண்டின் தொணதொணப்பின் மேல்தான்.

எனக்குப் பழக்கமான ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார் இருக்கிறார். கதைக்கு ஏதாவது அகப்படாதா என்ற ஆசையில் ஒரு நாள், "சண்டையில் உங்களுக்குப் பயமாக இருந்ததில்லையா?" என்று கேட்டேன்.

"இருக்காம? ஆனா பயம் வர்றப்போ கைக்கு ஒரு வேலை இருக்கும் சார். கை பாட்டுக்குச் செஞ்சுக்கிட்டே இருக்கும். எல்லாம் முடிஞ்சப்புறந்தான் உடம்பு நடுங்கும்" என்றார்.

"அத்தனை விதிகள், அத்தனை கவாத்து. சலிப்பாக இருக்காதா?"

"சலிப்புத்தான். ஆனா அந்த ரூல் ஒவ்வொண்ணும் எவனோ ஒருத்தன் செத்தப்புறம் எழுதினது சார். அதே மாதிரி நானும் செத்துத்தான் தெரிஞ்சுக்கணும்னு இல்லை, பாருங்க."

ஹவில்தார் அதற்கு மேல் இதைப் பற்றிப் பேசவில்லை. பென்ஷன் விஷயத்துக்குப் போய்விட்டார். ஆனால் என் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. விதிக்குப் பணிகிறவன் இயந்திரமாகிவிடுவதில்லை. முகம் தெரியாத ஒருவன் தன் உயிரைக் கொடுத்து வாங்கிய அறிவை அவன் கையில் வாங்கிக்கொள்கிறான். தனக்குப் பின்னால் நிற்கிறவனுக்காக அதைக் காப்பாற்றுகிறான். 

பாதிப் பதில் என்று சொன்னேன். மற்றப் பாதி அவ்வளவு சௌகரியமானதல்ல.

அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்தபோது, 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் மூன்று நாள் சண்டை நடந்தது. முடிந்த பிறகு களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கிக் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 27,574. அவற்றில் சுமார் 24,000 துப்பாக்கிகளில் மருந்து கெட்டித்தபடியே இருந்தது. அதிலும் பாதித் துப்பாக்கிகளில் இரண்டு தடவை கெட்டித்திருந்தது. பலவற்றில் மூன்று முதல் பத்துத் தடவை. ஒன்றில் இருபத்து மூன்று தடவை! அந்தக் காலத்துத் துப்பாக்கியில் குழாயின் வாய் வழியே மருந்தையும் குண்டையும் போட்டு, கோலால் இடிக்க வேண்டும். அதற்கு ஒன்பது படிகள் வைத்துக் கவாத்துப் பழக்கியிருந்தார்கள். அந்தச் சிப்பாய் பழக்கியபடியே செய்தான். போட்டான், இடித்தான், மறுபடி போட்டான், இடித்தான். சுடவில்லை. சுட்டதாக நினைத்துக்கொண்டானோ, ஆயிரம் துப்பாக்கிகளின் சத்தத்தில் தன்னுடையது வெடிக்கவில்லை என்று தெரியவில்லையோ, எதிரே வருகிறவனைக் கொல்ல மனம் வராமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தானோ, யார் சொல்ல முடியும்? எதுவானாலும் அங்கே விதி கையில் மட்டும் இருந்தது. அதன் நோக்கம் மனிதனை விட்டுப் போய்விட்டது. 

விதிக்கு வேறொரு துர்உபயோகமும் உண்டு. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து, 1945-46-ல் நூரம்பர்க் நகரில் நாஜித் தலைவர்களை விசாரித்தபோது, மேலிடத்து உத்தரவு என்கிற ஒன்றே ஒருவனைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடாது என்ற கொள்கை நிலைநாட்டப்பட்டது. மருந்தறைக் கதவை மூடுகிற விதியும், குற்றமற்றவர்களை ரயிலேற்றி மரணத்துக்கு அனுப்புகிற உத்தரவும் காகிதத்தில் ஒரே மாதிரித்தான் இருக்கும். இரண்டிலும் வரிசை எண் இருக்கும், கையெழுத்து இருக்கும். வித்தியாசத்தை எப்படிக் கண்டுகொள்வது? ஒரே ஒரு கேள்விதான் எனக்குத் தோன்றுகிறது. இதை எழுதியவன் யாருடைய உயிரை மனத்தில் வைத்து எழுதினான்? அந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமையை ஒருவன் எந்தச் சீருடை போட்டாலும் கழற்றி வைக்கக்கூடாது.

அப்படிக் கேட்டுக்கொண்ட ஒருவர் இருந்தார். 1983 செப்டம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரம். மாஸ்கோவுக்கு அருகே ஒரு பாதாளக் காவல் நிலையத்தில் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற சோவியத் லெப்டினன்ட் கர்னல் பொறுப்பில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து ஏவுகணை கிளம்பிவிட்டதாகக் கருவிகள் அலறின. ஒன்றல்ல, ஐந்து. அதைத் தாக்குதல் என்று மேலே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. அவர் அதைப் பொய் எச்சரிக்கை என்று தெரிவித்தார். அசட்டுத் துணிச்சலால் அல்ல. கருவி புதியது என்பது அவருக்குத் தெரியும். உலகத்தை அழிக்கக் கிளம்புகிறவன் ஐந்தே ஐந்தை அனுப்ப மாட்டான் என்பதும் தெரியும். தரையிலிருந்த ராடார்களும் ஒன்றையும் காட்டவில்லை. உயரத்து மேகங்களின் மேல் பட்டுத் தெறித்த சூரிய ஒளிதான் இத்தனை அமர்க்களத்துக்கும் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றிரவு குறிப்பேட்டை ஒழுங்காக எழுதவில்லை என்று அவரைக் கண்டித்தார்களாம்! உத்தியோக உலகத்தின் தர்மம் அப்படி இருக்கிறது.

கதைகளில் வருகிற மீறல்காரனுக்கும் பெத்ரோவுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அவனுக்கு விதி தெரியாது, அல்லது அது அவனுக்குப் பொருட்டல்ல. இவருக்கு விதியும் தெரியும், அது எதற்காக ஏற்பட்டது என்பதும் தெரியும். நாட்டைக் காப்பாற்ற ஏற்பட்ட காவல், நாட்டோடு உலகத்தையும் கொளுத்துகிற இடத்துக்கு வந்தபோது, விதியின் எழுத்தை விட்டு அதன் காரணத்தைப் பிடித்துக்கொண்டார். மூடிக் கிடந்த விதியை மறுபடி கொண்டுவந்த கிராண்டும், எழுத்தின்படி போக மறுத்த பெத்ரோவும் எனக்கு ஒரே ஜாதி மனிதர்களாகத்தான் தெரிகிறார்கள். இது ஏன் ஏற்பட்டது என்பதை இருவருமே மறக்கவில்லை. மீறுவதற்கு யாருக்காவது உரிமை உண்டென்றால் அப்படிப்பட்டவருக்குத்தான் உண்டு. அப்படிப்பட்டவர் மீறுவதும் அபூர்வமாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று நீங்கள் நினைக்கலாம். இரவு எல்லோரும் படுத்த பிறகு, சமையலறைக்குப் போய் காஸ் சிலிண்டரின் திருகை மூடியாயிற்றா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வருகிற பெண்மணி உங்கள் வீட்டிலும் இருப்பாள். "நேற்றுத்தானே பார்த்தாய்? தினமும் என்ன?" என்று யாராவது கேலி செய்திருப்பார்கள். அவள் பதில் சொல்லியிருக்க மாட்டாள். அவள் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பதால் எந்தச் செய்தியும் பத்திரிகையில் வருவதில்லை. நடக்காமல் போன விபத்துக்கு யார் தலைப்புப் போடுவார்கள்?

நம் மொழியில் 'விதி' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. மனிதன் எழுதி வைத்த சட்டத்துக்கும் அதுதான் பெயர். தலையில் எழுதிய எழுத்துக்கும் அதுதான் பெயர். 'குவீன் மேரி' வெடித்தபோது அதில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் நேர்ந்ததை நாம் இரண்டாவது பொருளில் விதி என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடலாம். ஆனால் முதல் பொருளில் விதி அங்கே இருந்திருந்தால், இரண்டாவது விதிக்கு அன்று அவ்வளவு பெரிய அறுவடை கிடைத்திருக்காது.

ஜட்லண்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் கப்பல்களில் மருந்தறைக் கதவுகள் மறுபடியும் மூடப்பட்டன. நெருப்பு இறங்காதபடி புதிய தடுப்புகளும் வைத்தார்கள். ஏற்கெனவே எழுதியிருந்த ஒரு விதியை இரண்டாம் தடவை கற்றுக்கொள்ள, மூன்று கப்பல்களில் மட்டும் 3,300 பேருக்கு மேல் தேவைப்பட்டார்கள். அவர்களில் ஒவ்வொருவனுக்கும் ஒரு பெயர் இருந்தது.